கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நின்றபோது: உறுப்பினர்களின் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து ஓர் ஆசிரியை:

சென்ற ஆண்டு எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்களை ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மீன் காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். சுறாவைப் பார்க்கப் போகிறோம் என்று பேருந்து முழுவதும் பேசிக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு, முதலில் வாய்த்தது ஒரு கடல் அட்டைதான். அசையாமல் கிடந்த அதைப் பார்த்து, "டீச்சர், இது உயிரோடுதான் இருக்கிறதா?" என்று ஒருவன் கேட்டான். அங்கிருந்த ஊழியர் சிரிக்கவில்லை. அது கடலடி மணலை விழுங்கி, அதிலுள்ள மட்கிய பொருள்களைத் தின்றுவிட்டு மணலைத் திருப்பித் தருகிறது என்றும், 2001 முதல் அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்றும் பொறுமையாகச் சொன்னார். "அப்படியென்றால் கடலுக்கு அதுதான் மண்புழு" என்றான், வீட்டில் வயல் வைத்திருக்கும் அந்தப் பையன். பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் அவ்வளவு சுருக்கமாக அதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்து, வெளுத்த பவளத் துண்டுகளுக்கு முன்னால் நின்றோம். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப்பாறைகளைப் படகு படகாக வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு அனுப்பினார்கள் என்றும், அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் அவர் கூறியதும், ஒரு மாணவியின் முகம் மாறிவிட்டது. அவளுடைய ஆயா (பாட்டி) வீட்டு வளவு எனும் உள்முற்றத்துச் சுவர், சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் பழைய முட்டைப் பூச்சு. "எங்கள் சுவரும் அப்படித்தானா?" என்று மெல்லக் கேட்டாள். செட்டிநாட்டுப் பூச்சுக்குப் பேர்பெற்றது கிளிஞ்சல் சுண்ணாம்பு என்றும், கிளிஞ்சல் என்பது உயிர் போனபின் எஞ்சும் ஓடு, பவளப்பாறையோ எண்ணற்ற நுண்ணிய உயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டியெழுப்பும் வீடு என்றும் விளக்கினேன். கடல் கொண்டதால் காவிரிப்பூம்பட்டினத்தைவிட்டு வந்தவர்கள் என்று தம்மைப் பற்றிக் கதை சொல்லும் ஊரின் பிள்ளைகளுக்கு, தீவு மூழ்கிய செய்தி சற்று ஆழமாகவே இறங்கியது என நினைக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் அனுபவம் கசப்பானது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொருட்காட்சியில், வண்ண விளக்குகளுக்கு நடுவே கடல் மீன்களை வைத்திருந்தார்கள். குழந்தைகள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். தடுக்க ஆளில்லை, பெயர்ப் பலகையும் இல்லை. கோமாளி மீன் ஒன்று அடியில் சாய்ந்து கிடந்தது. இத்தகைய அழகு மீன்களில் பெரும்பகுதி பவளத்திட்டுகளிலிருந்தே பிடித்துவரப்படுபவை. மண்டபத்து ஆய்வாளர்கள் கோமாளி மீனைக் குஞ்சுப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்யவைத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அதைச் சொல்லாத காட்சி, எனக்கு வெறும் விற்பனைக் கடையாகத்தான் தெரிகிறது. சென்னைக் கடற்கரையில் 1909லேயே மீன் காட்சியகம் திறந்த மாநிலம் நம்முடையது. இந்த அளவுக்கா நாம் இறங்கிவர வேண்டும்?

தொண்டிப் பக்கம் உறவுள்ள ஒருவர்:

ஆவுளியா என்று எங்கள் பக்கத்தில் சொல்லப்படும் கடற்பசுவை எந்தத் தொட்டியிலும் நான் பார்த்ததில்லை. கடற்புல்லை நாள் முழுவதும் மேயும் அவ்வளவு பெரிய உயிரைத் தொட்டியில் வைத்துக் காப்பது எளிதன்று. ஒரு காட்சியகச் சுவரில் அதன் படத்தையும், வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்துவிடும் என்ற குறிப்பையும் என் தங்கை மகன் படித்திருந்தான். தொண்டிக்கு வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022இல் அறிவிக்கப்பட்டதையும் அவன்தான் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த விடுமுறையில் மாமாவுடன் படகில் போனபோது, வலையில் ஒரு குட்டி ஆவுளியா மாட்டிக்கொண்டது. இவன் போட்ட கூச்சலில் மாமா வலையை அறுத்துவிட்டார். அது மூச்சுவிட்டு முங்கிப் போனதை இருவரும் பார்த்தார்களாம். அறுந்த வலைக்கான கணக்கைத் தங்கை மகனிடம் அவர் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.