72 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது?

நம்பிக்கை மைய (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகர்:

வெள்ளி இரவு ஐஸ் (மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள்) எடுத்து உறவுக்காகக் கூடியவர்கள் மையத்துக்கு வந்து நிற்கும்போது பெரும்பாலும் செவ்வாய் ஆகிவிடுகிறது. ஆணுறை இல்லாமல் உறவு நடந்தால் 72 மணி நேரத்துக்குள் பெப் மருந்தை (உறவுக்குப் பின் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுப்பது) தொடங்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிந்தேயிருக்கிறது. மணியை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பிசகு. கூட்டம் ஞாயிறு காலை கலைந்திருக்கலாம். ஆனால் வெள்ளி இரவு 11 மணிக்கு நடந்த உறவுக்குத் திங்கள் இரவு 11 மணியோடு கெடு முடிகிறது. மெத்தம்பெட்டமைன் இரண்டு நாள் தூக்கத்தைப் பறித்துவிட்டு, இறங்கும்போது அடித்துப்போட்டாற்போல் தூங்கவைக்கும். அந்தத் தூக்கத்திலேயே கெடு தாண்டிவிடுகிறது. எழுந்தாலும் மனம் சோர்ந்து, யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காது. ஆகவே தூங்கப் போகுமுன் மருந்துக்குப் போங்கள்.

மருந்து 28 நாள், தினம் ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்தது. ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) மூடியிருந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அங்கும் இழுத்தடித்தால் தனியார் மருத்துவரிடம் சீட்டு வாங்கி வெளிக்கடையில் வாங்குங்கள். நெஞ்செரிச்சலுக்கு அன்டாசிட் குடிப்பவர்கள் அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ இதைப் போட வேண்டும். சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. எங்கே போவதென்று குழப்பமா? 1097-ஐ அழையுங்கள், கட்டணமில்லை.

களப்பணியாளர்:

ஆலோசகர் சொன்ன ஓட்டமே தேவைப்படாமல் இருக்கத்தான் ப்ரெப், அதாவது உறவுக்கு முன்பே தொடங்கும் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை. தினமும் போட முடியாத ஆண்களுக்கு 2-1-1 முறை உண்டு: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு மாத்திரை, முதல் வேளையிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48-ல் ஒன்று. கூட்டம் நீண்டால் கணக்கும் நீளும். கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு வேளை போட்டால்தான் பாதுகாப்பு முழுமை. வெள்ளி இரவு 9-க்கு முதல் இரண்டு மாத்திரையைப் போட்டு, கடைசி உறவு ஞாயிறு விடியற்காலை முடிந்தால் சனி, ஞாயிறு, திங்கள் இரவு 9-க்கும் போட வேண்டும், மொத்தம் ஐந்து. போதையில் மணி நினைவிருக்காது, கூடுமுன்னே அலாரம் வையுங்கள். ஹெபடைடிஸ் பி இருப்பவர்களுக்கு இந்த 2-1-1 ஆகாது. மருந்தை விட்டுவிட்டுப் போட்டால் கல்லீரல் வீங்கலாம்.

இன்னொன்று, தேங்காய் எண்ணெய். வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துத் தடவுகிறார்கள், லேடெக்ஸ் ஆணுறை நிமிடங்களில் வலுவிழந்து கிழிகிறது. நீர் அல்லது சிலிக்கான் லூப் (வழுக்கும் பசை) மட்டுமே. ஐஸ் வலியை மரக்கச் செய்வதால் ஆசனவாயில் கிழிந்ததும் தெரியாது, ரத்தம் பார்த்தபின்தான் தெரியும். நீண்ட நேரம் போனால் அரைமணிக்கு ஒருமுறை ஆணுறையை மாற்றுங்கள், ஆள் மாறினாலும் மாற்றுங்கள்.

ஜி (ஜி.எச்.பி. அல்லது ஜி.பி.எல். என்ற திரவப் போதைப்பொருள்) எடுத்தவர் மதுவும் குடித்துவிட்டுக் குறட்டை விட்டால் அது தூக்கம் இல்லை. மூச்சு நிற்கப் போவதற்கான அறிகுறியாக இருக்கலாம். தட்டி, கூப்பிட்டு, எழாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் முழங்காலை மடக்கி, வாந்தி வெளியேற வாயைத் தரைப்பக்கம் திருப்பி, 108-ஐ அழையுங்கள். காபி கொடுக்காதீர்கள், தனியே விடாதீர்கள். என்ன எடுத்தார் என்று மருத்துவக் குழுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். போலீஸ் பயத்தில் கழியும் பத்து நிமிடத்தில் ஓர் உயிர் போய்விடும். நினைவில்லாத உடம்பு சம்மதம் சொல்லாது. அந்நிலையில் யாரும் தொட்டால் அது வன்முறைதான்.

மருந்தாளுநர்:

பாப்பர்ஸ் (முகர்ந்து போதை ஏற்றும் நைட்ரைட் திரவம்) முகர்பவர் சில்டெனாஃபிலோ டடலாஃபிலோ (விறைப்புக்கான மாத்திரைகள்) போட்டிருந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து மயங்குவார். இரண்டும் ரத்தக் குழாயை விரிப்பவை. பாப்பர்ஸை விழுங்கினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உதடு நீலம் பாரிக்கும், உடனே மருத்துவமனை.

எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து எடுப்பவர்கள் தங்கள் மாத்திரையின் பெயரைத் தெரிந்து வையுங்கள். முதல்நிலை டி.எல்.டி.யில் (ஆலோசகர் சொன்ன அதே மூன்று மருந்து மாத்திரை) ரிட்டோனவிர் இல்லை. அட்டசனவிருடனோ லோபினவிருடனோ ரிட்டோனவிர் எடுப்பவருக்குக் கல்லீரலின் ஒரு நொதி அடைபடுகிறது. அதனால் எம்.டி.எம்.ஏ., கெட்டமைன் போன்ற போதைப்பொருட்கள், சில்டெனாஃபில் எல்லாம் ரத்தத்தில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறிவிடலாம். அவர்களுக்குச் சில்டெனாஃபில் 48 மணி நேரத்தில் 25 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ‘நண்பனுக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்பது இங்கே செல்லாது, அவன் மாத்திரை வேறு.

ஆய்வக நுட்பநர்:

சிறுநீரை மட்டும் கொடுத்துவிட்டு ‘கிளியர்’ என்று போகாதீர்கள். வெட்டையும் கிளமிடியாவும் தொண்டையிலும் ஆசனவாயிலும் அறிகுறியே இல்லாமல் தங்கும், அங்கிருந்து தனித்தனி ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரி) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பெப் எடுத்தவர்கள் எச்.ஐ.வி. பரிசோதனையைத் தொடங்கும்போதும், 6 வாரத்திலும், 12 வாரத்திலும் செய்ய வேண்டும்.

ஊசி மட்டுமல்ல, மூக்கில் இழுக்கச் சுருட்டிய நோட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டி ஹெபடைடிஸ் சி பரவலாம். ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு ஊசி. ஒருமுறை குணமானவருக்கும் ஆன்டிபாடி பரிசோதனை பாசிட்டிவ் என்றே காட்டிக்கொண்டிருக்கும். மறுபடி தொற்றியதா என்று அறிய ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் வேண்டும். தொற்றியிருந்தால் பெரும்பாலும் சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் 12 வாரம். தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் இலவசம்.