சுவரில் பெயர் மட்டும் போதுமா?

ஊர்க்குருவி:
டெல்லி சாணக்கியபுரியில் தேசிய காவலர் நினைவுச்சின்னம் 2018 அக்டோபர் 21-ல் திறக்கப்பட்டது. 30 அடி உயரக் கருங்கல், எடை 238 டன். பக்கத்திலேயே வீரச்சுவர், சுதந்திரத்துக்குப் பிறகு பணியில் இறந்த 34,844 பேரின் பெயர்களோடு திறந்தார்கள். தெரியாமல்தான் கேட்கிறேன், இவ்வளவு கல் எதற்கு? அந்தக் காசில் குண்டு துளைக்காத உடுப்பு வாங்கியிருந்தால் சில பெயர்கள் சுவரில் ஏறாமலே போயிருக்கும்.

தண்டவாளம்:
ராணுவ நினைவிடம் என்றால் இப்படிக் கேட்பீர்களா? முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு 1931-லேயே இந்தியா கேட் வந்துவிட்டது. போலீஸ்காரர்கள் 2018 வரை காத்திருந்தார்கள். அந்த அக்டோபர் 21 என்ன நாள் தெரியுமா? 1959-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை சுட்டு 10 போலீஸார் இறந்த நாள். அன்று அங்கே காவலுக்குப் போனது ராணுவம் இல்லை, போலீஸ். கல் வைத்த பிறகுதான் நாம் இதைப் பேசவே ஆரம்பித்திருக்கிறோம்.

ஊர்க்குருவி:
அதற்கு முன்னால் நடந்த கூத்தையும் சொல்லுங்கள். முதலில் எழுப்பிய இரும்புக் கட்டுமானத்தை உயர் நீதிமன்ற உத்தரவால் 2008-ல் பிரித்துப் போட்டார்கள். அது யார் வீட்டுக் காசு?

மழைக்குருவி:
இருவரும் கல்லையே சுற்றி வருகிறீர்கள். என் குறை வேறு. மும்பை போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளேவை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது கிர்காவ் சௌபாத்தி கடற்கரையில், கையில் வெறும் லத்தியோடு போய் பயங்கரவாதி கசாப்பின் துப்பாக்கிக் குழலை இறுகப் பிடித்தவர். உடம்பில் குண்டுகள் பாய்ந்தும் பிடியை விடவில்லை. அதனால்தான் கசாப் உயிரோடு சிக்கினான். அசோகச் சக்கரம் கொடுத்தார்கள், சரி. ஏ.கே. 47-க்கு முன்னால் ஏன் லத்தியோடு நிற்க வேண்டிவந்தது? பெயரை மட்டும் செதுக்கினால் அது தெரியாது. எப்படி இறந்தார் என்று பெயருக்குக் கீழே ஒரு வரி வேண்டும்.

தண்டவாளம்:
அது அஞ்சலி செலுத்தும் இடம் ஐயா, விசாரணைக் கமிஷன் அறிக்கை இல்லை. மனைவியோ மகனோ வந்து பெயரைத் தடவிப் பார்க்கும்போது கீழே ‘சாலை விபத்து’ என்று இருந்தால் நன்றாகவா இருக்கும்?

மழைக்குருவி:
ஏன், ராத்திரி நெடுஞ்சாலையில் வண்டிகளைச் சோதனை போடும்போது லாரி மோதி இறந்தவர் எந்த விதத்தில் மட்டம்?

ஊர்க்குருவி:
யோசனை நல்லதுதான். ஆனால் அந்த வரியை எழுதப்போவது யார்? அதே துறைதானே! கையில் லத்திதான் இருந்தது என்றா எழுதுவார்கள்?