ஹ்மோங் மக்கள் சைபீரியாவிலிருந்து வந்தவர்களா?

வரைபடப்பிரியன்:
லாவோஸ், வியட்நாம், தென்சீன மலைகளில் வாழும் ஹ்மோங் மக்களைப் பற்றி ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பூர்விகம் சைபீரியா பக்கம் என்றுதான் படுகிறது. அவர்களோடு நெருங்கிப் பழகிய பிரெஞ்சுப் பாதிரியார் சவினா 1924இல் அவர்களின் வரலாற்றை எழுதினார். ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு, எங்கும் பனி என்று ஒரு நாட்டிலிருந்து வந்ததாக அவர்களின் பழங்கதை சொல்கிறதாம். மலைச்சரிவில் நெல்லும் சோளமும் போடும் சனம் இப்படியொரு கதையை ஏன் கட்ட வேண்டும்? சில குழந்தைகளுக்கு வெளிர்நிற முடி இருப்பதையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

மொழிக்கிறுக்கன்:
வெளிர் முடியை வைத்துப் பூர்விகம் சொல்வது அந்தக் காலத்து ஐரோப்பியர்களின் வழக்கம், விடுங்கள். மொழிக்கு வருவோம். நமக்கு நெல், அரிசி, சோறு என்று மூன்று சொற்கள் இருப்பதுபோல அவர்களுக்கும் உண்டு. வெள்ளை ஹ்மோங் என்ற கிளைமொழியில் நெல்லுக்கு ‘ம்ப்லே’, அரிசிக்கு ‘ட்சூ’, சோற்றுக்கு ‘மோ’. அந்த ‘ம்ப்லே’தான் முக்கியம். ஹ்மோங்கிலிருந்து எப்போதோ பிரிந்துபோன மியென் மொழியிலும் நெல் ‘ம்பியாவ்’. அதாவது இரண்டும் ஒரே மொழியாக இருந்த காலத்திலேயே நெல் இருந்திருக்கிறது. சைபீரியாவில் ஏது ஐயா நெல்? யாங்சி ஆற்றின் நடுப்பகுதி, அதற்குத் தெற்கே சீனத்தின் ஹூனான், குய்சோ மாநிலங்கள். அதுதான் அவர்களின் பழைய நிலம்.

வரைபடப்பிரியன்:
தெற்கே வந்த பிறகு நெல்லைக் கற்று, அதற்குப் பிறகு பிரிந்திருக்கலாமே? 2005இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, தாய்வழி மரபில் மியென் மக்களைவிட ஹ்மோங் மக்கள் வடகிழக்காசியர்களுக்கு நெருக்கம் என்கிறது. இதையும் ‘அந்தக் காலத்து வழக்கம்’ என்பீர்களா?

மொழிக்கிறுக்கன்:
மாட்டேன், நல்ல ஆய்வுதான். ஆனால் அது தாய்வழி. நூற்றாண்டுக்கணக்கில் வடக்கிலிருந்து இறங்கி வந்த சீனர்களோடு மணஉறவு நடந்தாலே அந்த நெருக்கம் வந்துவிடும். யாங்சி கரையில் ‘தாசி’ (Daxi) என்ற கற்காலப் பண்பாட்டுப் புதைகுழிகளின் எலும்புகளைச் சோதித்து 2007இல் வந்த ஆய்வையும் பாருங்கள். அங்கே கிடைத்த ஆண்வழி மரபுக்கிளை இன்றைய ஹ்மோங்-மியென் மக்களிடமும் இருக்கிறது. அந்தக் குழிகள் ஐயாயிரம் ஆண்டுக்கும் முந்தியவை. சரி, பனி? குய்சோ மலைகளிலேயே குளிர்காலத்தில் பனி விழும். அதைப் பார்க்கச் சைபீரியா வரை போக வேண்டாம்.

சுருளிமலை:
நடுவில் நுழைகிறேன். சீனர்கள் தங்கள் முன்னோனாகச் சொல்லும் புராண அரசன் மஞ்சள் பேரரசனோடு ஜோலூவில் போரிட்டுத் தோற்ற சியூ என்ற அரசன்தான் இவர்களின் மூதாதை என்று சீனத்தில் சொல்கிறார்கள். ஜோலூ இருப்பது வடக்கே ஹெபெய் மாநிலத்தில். சைபீரியா இல்லை, சரி. வடக்கு என்பது உண்மைதானே?

மொழிக்கிறுக்கன்:
பழைய நூல்களில் சியூ ‘ஜியூலி’ கூட்டத்தின் தலைவன். ‘சான்மியாவோ’ வேறு கூட்டம். இரண்டையும் இன்றைய மியாவோ மக்களோடு (ஹ்மோங்கும் அதில் அடக்கம்) முடிச்சுப்போட்டது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. 1990களில் ஜோலூவில் மஞ்சள் பேரரசனுக்குப் பக்கத்திலேயே சியூவுக்கும் சிலை வைத்து மண்டபம் கட்டிவிட்டார்கள். தோற்றவனும் மூதாதை ஆகிவிட்டான்!

இன்னொன்று, ‘மியாவோ’ என்பது சீன அரசு பல கூட்டங்களுக்குச் சேர்த்துப் போட்ட பட்டியல் பெயர். 2020 கணக்கில் சீனத்தில் 1.1 கோடிப் பேர். அதில் ஹ்மோங் ஒரு பகுதி மட்டுமே, ஹ்மு, கோ சியோங் எல்லாம் தனி. (வியட்நாமில் அந்தப் பெயர் ‘மேவ்’ ஆகி, பூனை என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. லாவோஸ், வியட்நாமில் யாரையும் அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள்.) பெயர் ஒன்று என்பதால் சனமும் ஒன்று என்று எடுத்துக்கொண்டதால்தான் சோனோம் கதை வந்தது. சீனத்தை ஆண்ட சிங் (Qing) வம்சத்தின் படையோடு மோதி 1776இல் பெய்ஜிங்கில் கொல்லப்பட்ட ஹ்மோங் ராஜா என்று அவனை எழுதிவைத்தார்கள். அவன் மேற்குச் சிச்சுவானின் ஜின்ச்சுவான் தலைவன், திபெத்திய வழி வந்தவன். ஹ்மோங்குக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை.

நெசவாளி:
பழங்கதை என்றாலே தம்பிகள் இருவரும் நீதிமன்றத்தில் சாட்சி விசாரிப்பதுபோல விசாரிக்கிறீர்கள். அவர்களின் சாவுப் பாட்டைக் கேட்டதுண்டா? இறந்தவருக்கு வழி சொல்லும் பாட்டு. வழிகாட்டுபவர் உடலருகே நின்று, அந்த உயிர் வாழ்ந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சொல்லுவார். அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறி இறந்தவர் என்றால், அந்த ஊர் மண்ணுக்கும் தண்ணீருக்கும் நன்றி சொல்லிவிட்டுத் தாய்லாந்து அகதி முகாம், மேகாங் ஆறு, லாவோஸில் பிறந்த வீடு என்று கூட்டிப்போவார். பிறந்த வீட்டில் புதைத்த நஞ்சுக்கொடியை எடுத்து உடுத்திக்கொண்டுதான் முன்னோரிடம் போக முடியும். அவர்கள் மொழியில் அதற்கு ‘சட்டை’ என்றே பெயர். 1975இல் லாவோஸ் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போன பிறகு நடந்தே ஓடிவந்த பாதையை இப்படி மனப்பாடமாக வைத்திருக்கும் சனம், பழைய பாதையை மட்டும் கற்பனை செய்ததா?

வரைபடப்பிரியன்:
அக்கா, இதைத்தான் நானும் சொல்கிறேன்!

மொழிக்கிறுக்கன்:
அவசரப்படாதீர்கள். அக்கா சொன்ன பாதையில் பிறந்த வீடு வரைதான் ஊர்ப்பெயர்கள். அதைத் தாண்டினால் கம்பளிப்புழு நிறைந்த மலை வரும், வாய் பிளந்த நாகங்கள் வரும். அந்த மலையைக் கடக்கத்தான் பிணத்துக்குச் சணல் செருப்பு மாட்டுகிறார்கள். ஆறு மாத இருட்டை வரைபடத்தில் தேடுபவர் கம்பளிப்புழு மலையையும் தேட வேண்டும். எனக்கு அந்த இருட்டு நாடு செத்தவர்கள் போகும் இடம் மாதிரித்தான் தெரிகிறது.

நெசவாளி:
அது நியாயமான வாதம். ஆனால் அவர்களின் பெண்கள் உடுத்தும் பாவாடையை விட்டுவிட்டீர்கள். தேன்மெழுகை உருக்கி, பித்தளைப் பேனாவால் சணல்துணியில் கோடிழுத்து, அவுரியில் முக்கி எடுப்பார்கள். குய்சோவில் சில ஊர்களில் பாவாடையைச் சுற்றிப் போகும் பட்டைகளைக் காட்டி ‘இது மஞ்சள் ஆறு, இது யாங்சி’ என்பார்கள். யாங்சியை மட்டும் ஏற்றுக்கொண்டு மஞ்சள் ஆற்றைத் தள்ளுபடி செய்ய உங்களுக்கு என்ன உரிமை?

மொழிக்கிறுக்கன்:
அந்த விளக்கம் எந்தக் காலத்தில் சேர்ந்தது என்று துணியில் எழுதியில்லையே அக்கா.

சுருளிமலை:
ஐயாயிரம் ஆண்டுக்குச் சண்டை போடுகிறீர்கள். 1854 முதல் 1873 வரை குய்சோவில் நடந்த மியாவோ கிளர்ச்சியை ஒருவரும் தொடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் வியட்நாம், லாவோஸ் மலைகளுக்கு இறங்கியது வரிக்கும் படைக்கும் தப்பித்துத்தான்.

வரைபடப்பிரியன்:
சரி, சைபீரியாவை விட்டுத்தருகிறேன். மஞ்சள் ஆற்றை விடமாட்டேன். அக்காவிடம் ஒன்று: மினசோட்டாவில் ஆஸ்பத்திரியில் பிறந்து, அடுக்ககத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் புதைக்க மண் தரை ஏது? நாளைக்கு அதன் சட்டையை எங்கே போய் எடுக்கச் சொல்வார்கள்?

நெசவாளி:
ஆண்பிள்ளைக்கு வீட்டின் நடுத்தூணுக்கு அடியில், பெண்பிள்ளைக்குப் பெற்றோர் கட்டிலுக்கு அடியில் புதைப்பது வழக்கம். அங்கே தூணே கிடையாது தம்பி.