எம்42 லென்ஸ்களுக்கு எந்த அடாப்டர் நல்லது?

கேள்வி:
சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4, ஹீலியோஸ் 44-2 என்ற இரண்டு பழைய எம்42 (திருகிப் பொருத்தும் வகை) லென்ஸ்களையும் சோனி ஈ மவுண்ட் (லென்ஸ் பொருத்தும் வாய்) கேமராவில் பொருத்த வேண்டும். விலை கூடிய அடாப்டர் உண்மையிலேயே தேவையா? உள்ளே கண்ணாடி வில்லை உள்ளதை வாங்கலாமா?

பதில்:
கண்ணாடி வேண்டவே வேண்டாம். எம்42 மவுண்டிலிருந்து சென்சார் வரை 45.46 மி.மீ.; சோனி ஈ மவுண்டில் 18 மட்டுமே. மீதி 27.46 மி.மீ.யை வெறும் உலோகக் குழாய் நிரப்பிவிடும். இந்த நீளம் சரியாக இருப்பதற்குத்தான் நான் பணம் கொடுப்பேன். மலிவானவை பெரும்பாலும் சற்றுக் குட்டையாக இருக்கும். லென்ஸின் முடிவிலிக் குறிக்கு (∞) முன்பே தொலைதூரம் தெளிந்துவிடும். 50 மி.மீ.யில் அது பெரிய குறையில்லை. அகலக் கோண லென்ஸில் தூரக் குறிகளையே நம்ப முடியாது. நீளம் கூடிவிட்டாலோ தொலைவு ஒருபோதும் தெளியாது, உடனே திருப்பிக் கொடுங்கள். உட்சுவரையும் விளக்கொளியில் பாருங்கள். பளபளத்தால் எதிரொளி படத்தை வெளிறச் செய்யும். இந்த அருமையான லென்ஸ்களுக்கு அது அநியாயம்.

இன்னொரு பதில்:
சில எம்42 லென்ஸ்களின் பின்புறம் ஒரு ஊசி இருக்கும்; அதை அழுத்தினால்தான் ஒளித்துளை சுருங்கும். அந்த ஊசியை அழுத்தும் அடாப்டர் விளிம்பு உங்களுக்குக் கட்டாயமில்லை. டாகுமாரில் ஆட்டோ/மேனுவல் சுவிட்ச் உண்டு, மேனுவலில் வைத்தால் போதும்; ஹீலியோஸ் 44-2இல் ஊசியே கிடையாது. பின்னாளில் சுவிட்ச் இல்லாத லென்ஸ் வாங்கினால் விளிம்பு இல்லாமல் துளை திறந்தே நிற்கும். ஆகவே விளிம்புள்ளதையே வாங்குங்கள்.

கேட்டவர்:
நன்றி. பொருத்தியும் ஷட்டர் இயங்காவிட்டால்?

பதில்:
மெனுவில் லென்ஸ் இல்லாமல் படமெடுக்க அனுமதியுங்கள். அதிர்வுத் தடுப்பு இருந்தால் குவியத் தூரத்தையும் கையால் பதியுங்கள்: டாகுமாருக்கு 50, ஹீலியோஸுக்கு 58.