ஓமனில் நீட்டப்படும் முதல் கோப்பை

ஓமன் மக்களின் உபசரிப்பைப் பற்றி மூன்று பேர் எழுதியவை.

மஸ்கட்டிலிருந்து:

மஸ்கட்டை மட்டும் சுற்றிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் ஓமனில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை என்றே சொல்வேன். 2001-இல் திறக்கப்பட்ட சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலும், தூப வாசனை வீசும் மத்ரா கடைவீதியும் அவசியம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்த நாட்டு மனிதர்களோடு உட்கார்ந்து பேச வேண்டுமானால் உள்நாட்டுக்குப் போக வேண்டும். நிஸ்வா, பஹ்லா, அல் ஹம்ரா, அதற்கும் மேலே மலைச்சரிவில் இருக்கும் மிஸ்ஃபாத் அல் அப்ரீயீன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் கூட்டிப்போவது அந்தப் பக்கம்தான்.

அம்மா வந்திருந்தபோது வெள்ளிக்கிழமையாகப் பார்த்து விடியற்காலையிலேயே கிளம்பினோம். நிஸ்வாவில் அன்றுதான் ஆட்டுச் சந்தை. விற்கிறவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி வட்டமாகச் சுற்றி வருவார்கள். வாங்குகிறவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைதட்டி நிறுத்தி, பல்லையும் மடியையும் பார்த்து விலை கேட்பார்கள். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பக்கத்திலேயே கோட்டை. அதன் பெரிய வட்டக் கொத்தளம் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. படையெடுத்து வருகிறவர்கள் மீது கொதிக்கும் பேரீச்சம்பாகை ஊற்றுவதற்காக வாசல்களுக்கு மேலே விட்டிருக்கும் துளைகளை இன்றும் காட்டுகிறார்கள்.

மிஸ்ஃபாத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள், அடுக்கடுக்காகப் பேரீச்சந்தோப்பு, நடுவே சலசலத்து ஓடும் ஃபலஜ் வாய்க்கால். மலை ஊற்றிலிருந்து பம்பு எதுவும் இல்லாமல், சரிவை மட்டும் நம்பி வரும் தண்ணீர். முதலில் குடிப்பதற்கு, அப்புறம் பள்ளிவாசலுக்கும் குளிப்பதற்கும், கடைசியில்தான் தோட்டத்துக்கு என்று வரிசை உண்டு. யார் தோட்டத்துக்கு எவ்வளவு நேரம் பாயும் என்பதும் கணக்குதான். பகலில் வெயிலின் நிழலையும் இரவில் நட்சத்திரங்களையும் பார்த்து அந்த நேரத்தை அளந்திருக்கிறார்கள். ஓமனின் ஃபலஜ்களில் ஐந்து 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் சலாம் சொன்னார். அம்மாவுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் எழுந்து வீட்டைக் காட்டினார். மறுப்பதற்கு அவர் இடமே கொடுக்கவில்லை. என் கணவரை முன்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். எங்களை வீட்டுப் பெண்கள் உள்ளே கூட்டிக்கொண்டார்கள்.

அம்மா சுத்த சைவம். வெளியில் தண்ணீரைத் தவிர எதையும் தொடத் தயங்குவார். எனக்கு அதுதான் கவலை. ஆனால் விரிப்பில் வந்து உட்கார்ந்தவை பேரீச்சம்பழம், ஆரஞ்சு, வாழைப்பழம், குங்குமப்பூவும் ஏலக்காயும் மணக்கும் அல்வா. திடீரென வாசலில் வந்து நிற்கும் விருந்தாளிக்கு முதலில் வைப்பது எப்போதும் இவைதான். பழம் ஒன்றைத் தின்றபின் காவா என்னும் அரபுக் காபி. பாலும் சர்க்கரையும் கிடையாது; ஏலக்காய் தூக்கலாக இருக்கும். வீட்டின் இளைய பெண் இடக்கையில் கூஜாவும் வலக்கையில் கோப்பையுமாக நின்றுகொண்டே ஊற்றினாள். பிடி இல்லாத சின்னக் கோப்பையில் கால்வாசிதான் ஊற்றுவார்கள். குறைவாக ஊற்றினால்தான் சூடு ஆறாது, திரும்பத் திரும்பக் கேட்டு ஊற்றவும் முடியும். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பெண் தன் வெறுங்கையை ஆட்டிக் காட்ட, அம்மா மூன்றாவது கோப்பைக்குப் பிறகு அப்படியே செய்தார்.

கடைசியில் அந்த வீட்டு மூதாட்டி கங்கு போட்ட தூபக்கலசத்தைக் கொண்டுவந்தார். தோஃபார் பகுதியில் மரத்தைக் கீறி எடுக்கும் லுபான் பிசின் அதில் புகைந்துகொண்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா தானாகவே கொண்டையை அவிழ்த்து, தலையைச் சாய்த்து, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுச் சாம்பிராணி போட்டுக்கொள்வது போலப் புகையைக் கூந்தலுக்குள் வாங்கினார். பெண்கள் கைகொட்டிச் சிரித்துவிட்டார்கள். அவர்களும் அப்படித்தான் செய்வார்களாம். மூதாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, தன் விரல்களால் அம்மாவின் தலைமுடியைக் கோதிப் பிரித்து, புகை நன்றாக உள்ளே போகும்படி பிடித்துக்கொண்டார். தூபம் வந்துவிட்டால் விடைபெறும் நேரம் என்பது வளைகுடா வழக்கம். எங்களுக்குத்தான் எழ மனமில்லை.

ஒன்று சொல்கிறேன், இப்படிப்பட்ட வீடுகளில் தயவுசெய்து பணத்தை நீட்டிவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது பழமோ இனிப்போ வாங்கிப் போங்கள், அது போதும்.

சொஹாரிலிருந்து:

நான் சுற்றுலாப் பயணி அல்ல, இங்கே பிழைக்க வந்தவன். ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பள்ளிவாசல் முற்றத்தில் நீளமாக விரிப்புப் போட்டுவிடுவார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், மோர், பெரிய தட்டில் நான்கைந்து பேருக்குச் சோறும் கறியும். வேலை முடிந்து அழுக்குச் சட்டையோடு வரும் எங்களைப் பார்த்து, நீ எந்த மதம், எந்த நாடு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நகர்ந்து இடம் விடுவார்கள், அவ்வளவுதான். நாங்கள் அறையில் சமைக்காத மாதம் அது. பகலில் அவர்கள் எதிரில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது நாங்கள் செய்யும் சின்ன மரியாதை.

சென்னையிலிருந்து:

மேலே எழுதிய சகோதரி சொன்னது எங்களுக்கும் நடந்தது, ஆனால் பாலைவனத்தில். பிதியா பக்கம் மணலில் வண்டி புதைந்துவிட்டது. அந்த வழியாக வந்த பிக்கப் ஒன்று தானாகவே நின்றது. இறங்கியவர் பேச்சுக்கு முன்னால் எங்கள் டயர்களில் பாதிக் காற்றைத் திறந்துவிட்டார். பிறகுதான் கயிறு கட்டி இழுத்தார். மணலில் காற்று குறைந்த டயர் அகலமாகப் பதிந்து பிடித்துக்கொள்ளும். தார்ச்சாலை வரை முன்னே ஓட்டிவந்து, காற்று நிரப்பும் இடத்தைக் காட்டிவிட்டு, வீட்டுக்குக் காவா குடிக்க வாருங்கள் என்றார். போனோம். இரவு சாப்பாடும் ஆகித்தான் விட்டார்கள்.

இவ்வளவு அன்பான மக்களின் ஊரில் சில பயணிகள் நடந்துகொள்ளும் விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மிஸ்ஃபாத்தில் ஒரு கூட்டம் வீட்டு முற்றங்களுக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டதைக் கண்ணால் பார்த்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து உள்ளே ஓடினார்கள். பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தோளும் முழங்காலும் மூடும்படி உடுத்துங்கள். பெரிய பள்ளிவாசலுக்குப் பெண்கள் தலையை மூட ஒரு துப்பட்டா கொண்டுபோங்கள். அங்கே மற்ற மதத்தவரைக் காலையில் மட்டுமே விடுவார்கள், வெள்ளிக்கிழமை கிடையாது. ஆகவே வெள்ளியை நிஸ்வா சந்தைக்கு வைத்துக்கொள்வதுதான் சரி.