கம்பெனி பஸ்ல ஏறுனாலே வயிறு கலக்குது, ஐபிஎஸ்னு (IBS, குடல் எரிச்சல் நோய்) சொல்லிட்டாங்க. எதைத்தான் சாப்பிடறது?

பாரூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு காவேரிப்பட்டணம் பக்கம், வேலை ஓசூர் சிப்காட்ல. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்னா விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறணும், கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி வர்றதுக்குள்ள அடிவயிறு முறுக்கிட்டு வரும், உடனே போயாகணும்னு இருக்கும், பஸ்ஸ நிறுத்த சொல்லவும் முடியாது. கம்பெனிக்கு போய் சேர்ந்ததும் முதல் வேலையா பாத்ரூம் தான், போனா தண்ணியா போகும், வலி குறைஞ்சிரும், மறுபடி சாப்ட்டா ஆரம்பிச்சிரும். மத்தியானத்துக்கு மேல வயிறு பானை மாதிரி உப்பிக்குது. டாக்டர் ஸ்கேன், ரத்தம் எல்லாம் பாத்துட்டு நார்மல்தான், இது ஐபிஎஸ், டென்ஷன் ஆகாதீங்கன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு. சாப்பாட்ட பத்தி கேட்டா காரம் குறைங்கன்னு மட்டும் சொன்னாரு. வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, களி வேணாங்கறாங்க, பால் வேணாங்கறாங்க, மாம்பழம் சூடுங்கறாங்க. இப்போதைக்கு தயிர் சோறு, இட்லி, ரசம் இத வச்சு ஓட்றேன். இப்படியே எவ்ளோ நாள் இருக்கறது? இதோட வாழ்றவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

மாந்தோப்பு:
தம்பி, நான் பாலக்கோடு, எனக்கும் இதே கதைதான், பல வருஷமா. முதல்ல ஒண்ணு சொல்றேன், களிய நிறுத்தாதீங்க. நம்ம பக்கம் வயிறு கெட்டா உடனே களி மேல பழிய போடுவாங்க, ஆனா களிய யாரும் வெறுமனே சாப்பிடறது இல்லயே, கூட மொச்சை கொழம்போ கொள்ளு கடைசலோ அவரைக்கொட்டை கொழம்போ ஊத்தி, மேல வெங்காயம் கடிச்சிக்கிட்டு தான சாப்பிடறோம். எனக்கு அதே களிய கீரை கடைசலோட, வெங்காயம் பூண்டு போடாம சாப்ட்டப்ப ஒண்ணுமே ஆகல. பயறு வகைல இருக்கற ஒரு மாதிரி சர்க்கரைய நம்ம குடல்ல செரிக்க வைக்க முடியாது, யாருக்குமே முடியாது, அது அப்படியே பெருங்குடலுக்கு போய் அங்க இருக்கற கிருமிங்க அத புளிக்க வச்சு காத்தாக்கும். மத்தவங்களுக்கு கொஞ்சம் காத்து பிரியறதோட போயிரும், நமக்கு குடல் நரம்பு கூர்மையா இருக்கறதால அதே காத்து வலியா தெரியும். வெங்காயம், பூண்டு, கோதுமைல இருக்கற ஃப்ரக்டானும் அதே ரகம்தான். பால்ல லாக்டோஸ், மாம்பழத்துல ஃப்ரக்டோஸ், காலிஃப்ளவர் காளான்ல மேனிட்டால். இதையெல்லாம் சேத்துதான் ஃபோட்மேப்னு (FODMAP) சொல்றாங்க, இதுங்கள கொஞ்ச நாள் குறைச்சு பாக்கறது ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல மோனாஷ் யுனிவர்சிட்டில கண்டுபிடிச்சு கொண்டாந்த முறை.

நீங்க ரசம் குடிக்கறீங்களே, அதுல பூண்டு தட்டி போடறாங்களா பாருங்க. ஃப்ரக்டான் தண்ணில கரையும், அதனால ரசத்துலயும் சாம்பார்லயும் பூண்டு வெங்காயத்த பொறுக்கி ஓரமா வச்சாலும் பிரயோஜனம் இல்ல, சாறு இறங்கியிருக்கும். எண்ணெய்ல கரையாது. அதனால எங்க வீட்டம்மா எண்ணெய்ல பூண்ட நசுக்கி போட்டு வாசம் வந்ததும் பூண்ட மட்டும் எடுத்துட்டு அந்த எண்ணெய்லயே தாளிக்கறாங்க, அப்பப்ப தேவைக்கு மட்டும், செஞ்சு வச்சுக்க கூடாது. சின்ன வெங்காயம் குளிர்ச்சி, ஒண்ணும் பண்ணாதும்பாங்க, இந்த விஷயத்துல அதும் பெரிய வெங்காயமும் ஒண்ணுதான். வெங்காயத்தாள்ல பச்சையா இருக்கற பாகம் மட்டும் போட்டுக்கலாம், ருசி கிட்டத்தட்ட வந்துரும்.

நர்ஸ்அக்கா:
நான் தர்மபுரில ஸ்டாஃப் நர்ஸ். மேல அண்ணன் சொன்னது நல்ல விஷயம், ஆனா சாப்பாட்ட மாத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க தம்பி. எடை குறைஞ்சிருக்கா? மலத்துல ரத்தம் வருதா? ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்பி விட்டு போக வைக்குதா? காய்ச்சல் விட்டு விட்டு வருதா, ரத்தசோகை இருக்கா, வீட்ல யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும் ஐபிஎஸ்னு வீட்ல உக்காந்துக்க கூடாது, குடல் டிபி கூட இதே மாதிரி ஆரம்பிக்கும், நம்ம நாட்ல அத மறக்கவே கூடாது.

இன்னொண்ணு, சீலியாக்னு கோதுமை ஒத்துக்காத நோய் ஒண்ணு இருக்கு, அதுக்கு ரத்த டெஸ்ட் இருக்கு, ஆனா கோதுமை சாப்ட்டுக்கிட்டு இருக்கறப்பதான் டெஸ்ட்ல சரியா காட்டும். நீங்களா சப்பாத்தி பரோட்டாவ நிறுத்திட்டு பல மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா நோய் இருந்தாலும் இல்லன்னு வந்துரலாம். கடைல வாங்கற கூட்டுப் பெருங்காயத்துல கூட கோதுமை மாவு கலந்திருக்கலாம், சீலியாக் இருக்கறவங்க அத படிச்சு பாத்துதான் வாங்கணும்.

டாக்டருங்க 2016ல வந்த ரோம் 4ங்கற அளவுகோல வச்சு பாப்பாங்க: கடைசி 3 மாசத்துல வாரத்துல ஒரு நாளாவது வலி, அந்த வலி வெளிக்கு போறதோட சம்பந்தப்பட்டிருக்கணும், இல்லன்னா எத்தன தடவ போறோம், எந்த பதத்துல போகுதுங்கறது மாறியிருக்கணும், இந்த மூணுல ரெண்டாச்சும் பொருந்தணும், ஆரம்பிச்சு 6 மாசம் ஆகியிருக்கணும். உங்களுக்கு இருக்கறத கற்பனைன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, இது நிஜமான வலி.

பாரூர்க்காரன்:
அக்கா, ரத்தம் இல்ல, ராத்திரி தொந்தரவு இல்ல, தூங்கிட்டா நிம்மதி. ஆனா பேண்ட் லூசாயிருக்கு. பயந்துக்கிட்டு சரியா சாப்பிடறதே இல்லயே, அதனாலயான்னு தெரியல. மாந்தோப்பு அண்ணா, ரசத்துல பூண்டு தட்டிதான் போடறாங்க. பஸ்ல வாந்தி வர்ற மாதிரி இருக்கும்னு சுகர் ஃப்ரீ சூயிங்கம் மென்னுக்கிட்டே போவேன், அதுல ஏதும் இருக்குமா?

நர்ஸ்அக்கா:
எடை குறைஞ்சத கண்டிப்பா டாக்டர்கிட்ட போய் சொல்லுங்க, காரணத்த நீங்களா முடிவு பண்ண வேணாம். சீலியாக் டெஸ்ட், தைராய்டு, மலத்துல கால்புரோடெக்டின் (குடல்ல அழற்சி இருக்கான்னு பாக்கற டெஸ்ட்) இதெல்லாம் எடுத்தாச்சான்னு கேளுங்க. சூயிங்கம்ம இன்னைக்கே விடுங்க, சர்க்கரைக்கு பதிலா அதுல சார்பிட்டால் மாதிரி போடுவாங்க, அதுவே வயித்தால போக வைக்கும், மெல்லும்போது காத்தும் உள்ள போகும்.

தேன்கனிக்கோட்டை டீச்சர்:
எனக்கு நேர் எதிர், நாள் கணக்கா போகாது, வயிறு கல்லு மாதிரி இருக்கும், ஆனா பேரு அதே ஐபிஎஸ் தான். அதனால ஒருத்தருக்கு ஒத்துக்கிட்டது இன்னொருத்தருக்கு அப்படியே பொருந்தாது. எனக்கு இசப்கோல் (நார்ச்சத்து உமி) நிறைய தண்ணியோட கொஞ்சம் கொஞ்சமா கூட்டி எடுத்ததுல சரியாச்சு, கோதுமை தவிடு போட்டா இன்னும் உப்பும்.

தம்பிக்கு நான் சொல்ல வர்றது காலை நேரத்த பத்தி. எழுந்ததும், சாப்பிட்டதும் பெருங்குடல் தானா அசைய ஆரம்பிக்கும், காபி அத இன்னும் தூண்டும். காபி குடிச்ச கையோட பஸ் ஏறுனா அந்த அசைவு பஸ்லதான நடக்கும்? கொஞ்சம் முன்னாடியே எழுந்து வெதுவெதுன்னு தண்ணி குடிச்சு, லேசா சாப்ட்டு, போயிட்டு கெளம்புங்க, காபிய கம்பெனில குடிங்க. பஸ்ல வந்துருமோங்கற பயமே குடல முறுக்கும், மூளைக்கும் குடலுக்கும் நரம்பு வழி அவ்ளோ நேரடியா இருக்கு. எனக்கு தெரிஞ்ச ஒருத்தங்களுக்கு டாக்டர் அமிட்ரிப்டிலின்னு மனச்சோர்வுக்கு குடுக்கற மாத்திரைய குறைஞ்ச டோஸ்ல குடுத்தாரு, மனநோய் மாத்திரைன்னு வீட்ல சண்டை. 2023ல இங்கிலாந்துல அட்லாண்டிஸ்னு ஒரு பெரிய ஆய்வுல அது ஐபிஎஸ்க்கு உதவுதுன்னே வந்திருக்கு, குடல் வலிக்குத்தான் குடுக்கறாங்க. டாக்டர் எழுதி குடுத்தா மட்டும், நீங்களா வாங்காதீங்க.

மாந்தோப்பு:
டெஸ்ட் எல்லாம் முடிஞ்சு டாக்டர் சரின்னதும் சாப்பாட்டுக்கு வாங்க. மொத்தமா எல்லாத்தையும் காலம் பூரா நிறுத்தறது இந்த முறையே கிடையாது. 2லேர்ந்து 6 வாரம் வரைக்கும் கட்டுப்பாடு, அப்பறம் ஒவ்வொண்ணா திரும்ப கொண்டு வரணும். ஒரு நேரத்துல ஒரே ஒரு பொருள், 3 நாளைக்கு அளவ கொஞ்சம் கொஞ்சமா கூட்டி பாருங்க, நோட்டுல எழுதுங்க. உங்களுக்கு எடை வேற குறைஞ்சிருக்கு, அதனால முடிஞ்சா டயட்டீஷியன் ஒருத்தர்கிட்ட கேட்டு செய்ங்க. எனக்கு அப்படி பாத்ததுல தயிர் ஒத்துக்குது பால் ஒத்துக்கல, வெங்காயம் சுத்தமா ஆகல, பாசிப்பருப்பு நல்லா போகுது. மாம்பழம் ரெண்டு மூணு துண்டு வரைக்கும் ஒண்ணும் பண்ணல, சீசன்ல நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு மாம்பழமே தொடாம எப்படி இருக்கறது.

பாரூர்க்காரன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். இந்த வாரம் லீவு போட்டு டாக்டர்கிட்ட போறேன். கொள்ள மட்டும் விட மனசில்ல, அம்மா வைக்கற கொள்ளு ரசம்னா உயிரு. ஊற வச்சா குறையுமா?

மாந்தோப்பு:
ராத்திரி ஊற வச்சு அந்த தண்ணிய கொட்டிட்டு, வேக வச்ச தண்ணியையும் கொட்டுனா கொஞ்சம் குறையும். ஆனா கொள்ளு ரசம்ங்கறதே அந்த வேக வச்ச தண்ணிதான தம்பி, அதனால அத கடைசியா டெஸ்ட் பண்ற லிஸ்ட்ல வைங்க. லீவு நாள்ல, கால் டம்ளர்ல ஆரம்பிங்க.