கலியாண வீட்டு உடையும் சாப்பாடும்: எதை எங்களுடையது என்று சொல்வது?

கொக்குவில் மாமன் கேட்கிறார்:

எனது அக்காவின் மகளுக்கு வருகிற தை மாதம் யாழ்ப்பாணத்தில் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் ரொறன்ரோவில் வசிப்பவர்கள். முகூர்த்தத்துக்குக் கூறைச் சேலையும் பட்டு வேட்டியும் தலைப்பாகையும் என்பதில் இரு வீட்டாருக்கும் ஒரே மனம்தான். மாலை வரவேற்பில்தான் சிக்கல். மணமகன் செர்வாணியும் மணமகள் லெஹெங்காவும் அணிவார்கள் என்றும், முதல்நாள் இரவு மெஹந்தி நிகழ்வு ஒன்று நடக்கும் என்றும், வரவேற்புச் சாப்பாட்டில் பந்தியும் வாழையிலையும் இல்லாமல் ப்ரைட் ரைஸ், நாண், பனீர்க் கறி ஆகியவை பஃபே முறையில் வைக்கப்படும் என்றும் முடிவாகியிருக்கிறது. "இது ஆற்றை கலியாணம்?" என்று கேட்ட அம்மா, அதன் பிறகு இதைப் பற்றிப் பேசுவதில்லை.

நான் மருமகளிடம் மெதுவாகக் கதைத்துப் பார்த்தேன். "மாமா, நீங்கள் காற்சட்டையும் சேட்டும் போட்டுத்தானே ஒவ்வொரு நாளும் கந்தோருக்குப் போகிறீர்கள்? அதனால் போகாத பண்பாடு, ஒரு மாலைப்பொழுதுக்கு நான் லெஹெங்கா உடுத்தால் போய்விடுமா?" என்று அவள் கேட்டாள். அவளைத் தடுப்பது என் நோக்கமில்லை. ஆனாலும் உணவும் உடையும் தோற்றமும் ஒரு சமூகத்தின் அடையாளத்தை எவ்வளவு தூரம் தாங்குகின்றன, எதை விட்டுக்கொடுத்தால் உண்மையாகவே ஏதோ ஒன்று குறைகிறது என்பதை இங்குள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பனங்கூடல் எழுதுகிறார்:

உணவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உடையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி போதாது.

யாழ்ப்பாணத்தவரின் அடையாள உணவு எது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் பனங்கிழங்கு மாவில் (ஒடியல் மா) காய்ச்சும் ஒடியற்கூழ் என்பார்கள். ஆனால் நண்டும் இறாலும் மீனும் இல்லாமல் அதைக் கூழ் என்று ஏற்பவர்கள் குறைவு என்பதாலும், எங்கள் சைவக் கலியாண வீட்டில் மச்சம் புகாது என்பதாலும், எங்களுக்கே உரியது என்று உலகம் முழுவதும் நாங்கள் பெருமை பேசும் அந்த உணவுக்கு எங்களுக்கே உரிய சடங்கில் இடமில்லை. கூழின் உள்ளேயும் பாருங்கள். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து, இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை நீக்குவது இந்த மண்ணின் கைவேலை. அதற்குள் போடும் செத்தல் மிளகாயும் மரவள்ளிக் கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. 1619 இல் யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் கைப்பற்றியதற்கு வெகுகாலம் முன்னர் இங்கிருந்த ஒருவருக்கு இன்றைய கூழைக் கொடுத்தால், அதன் உறைப்பே அவருக்கு அந்நியமாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே வெளியிலிருந்து வந்தது என்பதற்காக எதையும் தள்ள முடியாது. வந்த பொருளை எங்கள் அடுப்பு என்ன செய்தது என்பதே கேள்வி. மிளகாயை மல்லியோடும் பெருஞ்சீரகத்தோடும் வறுத்து இடித்து, எந்தக் கறியிலும் அடையாளம் காணக்கூடிய ஒரு தூளாக்கினோம். பாண் வந்தது, அதைச் சம்பலோடும் சொதியோடும் சேர்த்துக்கொண்டோம். உங்கள் மண்டபத்து ப்ரைட் ரைஸ் மீது எனக்குள்ள குறை அது சீனத்து உணவு என்பதல்ல, எந்த ஊர் மண்டபத்தில் சாப்பிட்டாலும் ஒரே சுவையாக இருக்கிறது என்பதுதான். (பனீரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.)

வடமராட்சி ஆசிரியை எழுதுகிறார்:

கொக்குவில் அண்ணா, உங்கள் அம்மாவின் வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் "எங்கள் உடை" என்று சொல்லும்போது அந்த "எங்கள்" என்பதற்குள் யார் யார் இருந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. இதே குடாநாட்டில், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆண்கள் சட்டை அணிவதும் பெண்கள் மேலாடை அணிவதும் நகை போடுவதும் குற்றமாகக் கருதப்பட்டு, மீறியவர்கள் தாக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அது எங்கள் பாட்டன் பாட்டிகளின் நினைவுக்கு எட்டிய காலம்தான். நல்லூர்க் கோயில் வாசலில் ஆண்கள் சட்டையைக் கழற்றி நிற்பது பக்தி. அதே வெற்று மேனி, தெருவில் உயர்சாதிக்காரர் ஒருவரைக் கண்டதும் தோளிலிருந்து சால்வையை எடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயத்தில் வெளிப்பட்டபோது அவமானம். சேலைக் கட்டும் கொண்டையும் கடுக்கனும் பழைய படங்களில் அழகாகத் தெரிகின்றன. அந்தப் படங்களுக்குள் வர அனுமதிக்கப்படாதவர்களை நாங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

சாப்பாடும் அப்படித்தான். நீங்கள் ஏங்கும் பந்தியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்ததில்லை. 1924 இல் தொடங்கிய, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று அறியப்பட்ட இயக்கத்தினர், கதர் உடுத்தித் தேசியம் பேசியதோடு நிற்காமல் சாதிப் பாகுபாட்டையும் எதிர்த்தார்கள். பாடசாலைகளில் சம ஆசனமும் சம போசனமும் வேண்டும் என்ற முயற்சி இங்கே எவ்வளவு கடுமையான எதிர்ப்பைச் சந்தித்தது என்பதை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். கடைகளிலும் கோயில்களிலும் சாதியின் பெயரால் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இல் வந்தது. அதன் பிறகும் தேநீர்க்கடைகளில் சிலருக்குப் போத்தலிலும் தகரப்பேணியிலும் தேநீர் கொடுக்கப்பட்டது. இத்தகைய சாதி ஒடுக்குமுறைக்கு எதிராகத்தான் 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் தொடர்ந்தன. எங்கள் அடையாளத்தைக் காக்கும் கிடுகு வேலி என்று நாங்கள் நினைத்தது, பலருக்கு வெளியே நிறுத்தும் வேலியாகவும் இருந்தது.

பஃபே முறையை நான் விரும்புபவள் அல்ல. ஆனாலும் ஒரே கரண்டியை எல்லோரும் தொட்டுப் பரிமாறிக்கொள்ளும் அந்த மேசையைப் பார்க்கும்போது எனக்கு முழு வெறுப்பும் வருவதில்லை.

உங்கள் வீட்டுக் கலியாணத்தில் கவனிக்க வேண்டியதாக நான் நினைப்பது வேறொன்று. கணவனை இழந்த உறவுப் பெண்கள் வருவார்களே, போருக்குப் பிறகு அப்படிப்பட்டவர்கள் இல்லாத குடும்பம் வடக்கில் அரிது. அவர்கள் பொட்டு வைத்து, நிறச் சேலை உடுத்தி, ஆராத்தித் தட்டுக்கு அருகில் நிற்பதற்கு உங்கள் வீட்டில் இடமுண்டா? தோற்றமும் பண்பாடும் பற்றிய கேள்வி உண்மையில் கூர்மையாவது அந்த இடத்தில்தான், லெஹெங்காவில் அல்ல.

சோனகதெரு – புத்தளம் எழுதுகிறார்:

ஆசிரியை அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நாங்கள் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டோம். புத்தளத்தில் எங்களை அகதிகள் என்று பிரித்துப் பார்த்தவர்கள் எங்கள் சொந்த மார்க்கத்தவர்கள். உடையில் அவர்களுக்கும் எங்களுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு பேச்சிலும் சமையலிலும் இருந்தது. வறுத்து இடித்த தூளும், புட்டோடு கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் எங்கள் வீட்டில் இன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தைப் பார்க்காமலே வளர்ந்த என் பிள்ளைகளும் அதைத்தான் வீட்டுச் சாப்பாடு என்கிறார்கள். எங்கள் உம்மாமார் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டார்கள், மகள்மார் அபாயா அணிகிறார்கள். 2018 இல் திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகளின் அபாயாவுக்கு எதிர்ப்பு எழுந்தபோது, சேலைதான் தமிழ்ப் பண்பாடு என்று பலர் எழுதினார்கள். அப்படி எழுதியவர்களுக்கு எங்கள் வீட்டுக் கறித்தூளின் வாசனை தெரிந்திருக்க வழியில்லை.

ஸ்காபரோ மருமகள் எழுதுகிறார்:

நான் மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து மனநிலையைச் சொல்கிறேன். 1983 இல், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது கொழும்பில் இருந்த என் மாமியார், வெளியே போகுமுன் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டுப் போனவர். பொட்டும், ஆண்களின் காது குத்திய தழும்பும் உயிருக்கு ஆபத்தாக இருந்த நாட்கள் அவை. இங்கே வந்தபின் பெரிய பொட்டு வைத்துத்தான் வேலைக்குப் போனார். அவருடைய பேரப்பிள்ளைகள் செர்வாணி அணிவதற்குக் காரணம், உடன் படித்த பஞ்சாபி, குஜராத்தி நண்பர்களின் கலியாணங்களைப் பார்த்து வளர்ந்ததுதான். அதில் அவமதிப்பு எதுவுமில்லை. ஆனால் தாலிக்கொடி எத்தனை பவுணில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் இங்குள்ளவர்கள் ஊரவர்களை விடக் கறாராக இருக்கிறார்கள். மாற வேண்டியது மாறவில்லை என்று எனக்குத் தோன்றுவது அந்த ஒன்றில்தான்.

கொக்குவில் மாமன் மீண்டும் எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. வரவேற்பு உடை பிள்ளைகளின் விருப்பப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பகல் சாப்பாட்டை வாழையிலையில் பந்தியாக வைப்பதற்கு அக்கா சம்மதித்திருக்கிறார். முதல் பந்தியில் யார், அடுத்த பந்தியில் யார் என்ற வரிசை எதுவும் இருக்காது. ஆசிரியை கேட்ட கேள்வியை அம்மாவிடம் கேட்டேன். எங்கள் சின்னம்மா கணவரை இழந்து பல வருடமாகிறது, எந்தக் கலியாணத்திலும் அவர் மண்டபத்தின் பின்வரிசையில்தான் இருப்பார். "அவளைக் கூப்பிட்டால் வருவாளோ தெரியாது, நீ போய்க் கேள்" என்றார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

பனங்கூடல், கலியாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் நிற்பார்கள். ஐம்பது பேருக்குக் கூழ் காய்ச்ச எவ்வளவு ஒடியல் மா வேண்டும், கசப்புப் போக எத்தனை தரம் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று எழுதுவீர்களா?